லேத்தில் கடைந்த எஃகு சொரசொரப்பாக வருகிறதா? தடத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஃபினிஷ் (பரப்பின் வழவழப்பு) வரவில்லை என்றால் பெரும்பாலானோர் கை முதலில் போவது ஃபீடுக்குத்தான், அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்துக்கு. 0.2 மி.மீ. இருந்தால் 0.1, அதிலும் சரிப்படாவிட்டால் 0.05. சில நேரம் பலிக்கும். பல நேரம் பரப்பு முன்பைவிட மோசமாகி, வேலையும் இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். சொரசொரப்புக்கு ஒரே காரணம் கிடையாது. கிழிந்த பரப்பு வேறு, அலையடித்த பரப்பு வேறு, சீரான கோடு விழுந்த பரப்பு வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும்.

கீழே சொல்வதெல்லாம் சாதாரண சென்டர் லேத்தில், 12 முதல் 50 மி.மீ. விட்டமுள்ள எம்எஸ் (மைல்டு ஸ்டீல்), ஈஎன்8 (கார்பன் கூடுதலான எஃகு) ராடுகளை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலிலோ அதைவிடக் கடினமான கார்பைடிலோ கடைவதை மனதில் வைத்து எழுதியது. சிஎன்சி (கணினி இயக்கும் லேத்) ஓட்டுபவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எதையும் மாற்றும் முன்

மெஷினை நிறுத்துங்கள். ஜாப்பை (கடையும் துண்டை) துணியால் துடைத்து, டியூப்லைட்டுக்குச் சாய்வாக வைத்துப் பாருங்கள். ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நகத்தை ஜாப்பின் நீளவாக்கில் ஒரு முறை, சுற்றுவாக்கில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அதே லென்ஸில் டூல் முனையைப் பாருங்கள். கடைசியாகத் தட்டில் விழுந்து கிடக்கும் சிப்ஸ் (வெட்டி வந்த உலோகச் சுருள்). ஜாப், டூல், சிப்ஸ் மூன்றையும் பார்க்காமல் ஸ்பீடு லீவரில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று: ஒரு கட்டுக்கு (டூல் ஒரு முறை வெட்டிப் போவதற்கு) ஒரு மாற்றம் மட்டும். ஸ்பீடு, ஃபீடு, டூல் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் ஃபினிஷ் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த ஜாப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பரப்பு மங்கலாக, பிய்த்தெடுத்த மாதிரி இருக்கிறது

எம்எஸ்ஸில் வரும் புகார்களில் பெரும்பான்மை இதுதான். நகம் எந்தத் திசையில் ஓடினாலும் மாட்டும். லென்ஸில் பார்த்தால் கோடுகள் ஒழுங்காக இருக்காது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு செதில்கள் ஒட்டியிருக்கும். டூல் முனையில் ஒரு சின்ன உலோகக் கட்டி உட்கார்ந்திருக்கும்.

குற்றவாளி அந்தக் கட்டிதான். எம்எஸ்ஸில் கார்பன் குறைவு, அதனால் மெத்தென்று இருக்கும். வெட்டும் இடத்தில் அழுத்தமும் சூடும் சேர்ந்து, ஜாப்பின் உலோகமே டூல் விளிம்பில் ஒட்டிக் கெட்டியாகிறது. அதற்குப் பிறகு வெட்டுவது நீங்கள் தீட்டிய விளிம்பு அல்ல, ஒழுங்கில்லாத இந்தக் கட்டி. அது வளரும், உடையும், மறுபடி வளரும். உடையும்போது ஒரு பகுதி சிப்ஸோடு போகும், ஒரு பகுதி ஜாப் மேல் அப்பிக்கொள்ளும். இங்கே ஃபீடைக் குறைத்தால் கட்டி போகாது.

கார்பைடு போட்டிருந்தால் முதலில் ஸ்பீடைப் பாருங்கள். கணக்கு எளிது: நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வேண்டுமோ அதை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஆர்பிஎம். 25 மி.மீ. ராடை 500 ஆர்பிஎம்மில் ஓட்டினால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 39 மீட்டர்தான். கார்பைடுக்கு இது கட்டி வளர்ப்பதற்கென்றே அமைந்த வேகம். 100 மீட்டரைத் தாண்டினால் கட்டி பெரும்பாலும் காணாமல் போகும். 120 மீட்டர் வேண்டுமென்றால் அதே ராடுக்குச் சுமார் 1,530 ஆர்பிஎம் தேவை. சரியான இடத்துக்கு வந்துவிட்டால் பரப்பு சட்டென்று பளபளக்கும், சிப்ஸ் நீலமாகவோ பழுப்பாகவோ வரும். ஏற்றும் முன் சக்கும் (ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பகுதி) ஜாப்பும் அந்த வேகத்துக்குத் தாங்குமா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ராடு, கோணலாகப் பிடித்த ஜாப், பழைய பெரிய சக் இருந்தால் வேண்டாம்.

பல பட்டறைகளில் சிக்கல் இங்கேதான். பழைய பெல்ட் லேத்தின் உச்ச வேகமே அதற்குக் கீழே நின்றுவிடும். 12 மி.மீ. ஷாஃப்டுக்கு 3,000-க்கு மேல் வேண்டும், அந்த மெஷினில் நடக்காது. இன்சர்ட் (டூலில் மாட்டும் கார்பைடு முனைத் துண்டு) வாங்கியாகிவிட்டதே என்று அதையே போட்டு மல்லுக்கட்டுவதைவிட எச்எஸ்எஸ் டூலைத் தீட்டிப் போடுவது புத்திசாலித்தனம். எச்எஸ்எஸ்ஸில் எம்எஸ்ஸுக்கு 25 முதல் 30 மீட்டர் போதும், 25 மி.மீ. ராடுக்கு 320 முதல் 380 ஆர்பிஎம்.

எச்எஸ்எஸ்ஸில் கிழிந்தால் காரணம் பெரும்பாலும் தீட்டலில் இருக்கும். மேல் முகத்தில் பக்கவாட்டுச் சாய்வு 12 முதல் 15 டிகிரி, கீழே இரண்டு பக்கமும் இடைவெளிக் கோணம் 8 முதல் 10 டிகிரி, முனையில் அரை மி.மீ. அளவுக்கு ஒரு வளைவு. தட்டையான மேல் முகத்தோடு பித்தளைக்குத் தீட்டிய டூலை எடுத்து எம்எஸ்ஸில் போட்டால் வெட்டாது, தள்ளும். கிரைண்டிங் வீலிலிருந்து எடுத்த விளிம்பு கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தாலும் லென்ஸில் ரம்பப் பல்லாகவே இருக்கும். அந்தப் பல் அப்படியே ஜாப்பில் பதியும். ஆயில் ஸ்டோனில் மேல் முகத்தையும் இரண்டு பக்கங்களையும் நான்கைந்து இழுப்பு இழுத்து அந்தப் பல்லை எடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விடுபவர்கள்தான் அதிகம்.

பிரேஸ் செய்த கார்பைடு டிப் டூல் என்றால் வீல் முக்கியம். எச்எஸ்எஸ் தீட்டும் சாம்பல் வீலில் கார்பைடைப் பிடித்தால் அது வெட்டாது, விளிம்பைப் பொடிப்பொடியாக உடைக்கும். பச்சை வீல் வேண்டும். கடைசியில் டைமண்ட் ஸ்டோனில் ஒரு இழுப்பு இழுத்தால் இன்னும் நல்லது. சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்காதீர்கள், கீறல் விழும்.

அடுத்தது எண்ணெய். மெதுவாக ஓடும் எச்எஸ்எஸ்ஸில் கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தாலே ஒட்டுவது நன்றாகக் குறையும். பழைய என்ஜின் ஆயில் அந்த வேலையைச் செய்யாது. புகையும் நாற்றமும்தான் மிச்சம். சோப்பு ஆயில் கலப்பதானால் தண்ணீரில் எண்ணெயை ஊற்றுங்கள், எண்ணெயில் தண்ணீரை அல்ல. மாறிப்போனால் திரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் கிழிந்தால் சந்தேகம் இரும்பின் மேலேயே. கடையில் வாங்கும் கறுப்பு ராடு சூட்டில் உருட்டியது, மெத்தென்றது. அதே கார்பன் அளவுள்ள பிரைட் பார் குளிர் நிலையில் இழுத்தது என்பதால் கொஞ்சம் இறுகி, சுத்தமாக வெட்டும். ஈஎன்8-இல் கார்பன் 0.36 முதல் 0.44 சதவீதம், எம்எஸ்ஸைவிட ஃபினிஷ் நன்றாகவே வரும். எளிதாக வெட்டுவதற்கென்றே கந்தகம் சேர்த்த ஈஎன்1ஏ-வில் யார் கடைந்தாலும் ஃபினிஷ் வரும், ஆனால் அதை வெல்டிங் செய்யும் வேலைக்குக் கொடுக்கக் கூடாது. கஸ்டமர் எம்எஸ் என்று பிடிவாதம் பிடிக்காத ஷாஃப்ட், பின் வகை ஜாப்புகளில் ஈஎன்8-க்கு மாறச் சொல்லிப் பார்க்கலாம்.

கறுப்பு ராடின் மேல் தோலைப் பற்றி ஒன்று. அந்த ஆக்சைடு செதில் கடினமானது. முதல் கட்டைப் பயந்து பயந்து மெல்லியதாகக் கொடுத்தால் டூல் முனை அந்தத் தோலிலேயே உரசி மழுங்கும். முதல் கட் தோலுக்கு அடியில் போகட்டும். ஃபினிஷ் கட்டுக்கு வேறு டூலோ இன்சர்ட்டின் வேறு முனையோ வையுங்கள்.

சீரான கோடுகள், மெல்லிய மரை போட்டது போல

இது நோயே இல்லை, வெறும் கணக்கு. கோடுகளுக்கு இடையிலான தூரம் உங்கள் ஃபீடுக்குச் சமமாக இருக்கும். இங்கே மட்டும் ஃபீடைக் குறைப்பது சரியான மருந்து.

டூல் முனை வளைவு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளம் விடுகிறது. அதன் ஆழம் ஃபீடின் வர்க்கத்தை, முனை வளைவின் எட்டு மடங்கால் வகுத்தது. 0.4 முனை, 0.2 ஃபீடு என்றால் பள்ளம் 12.5 மைக்ரான், ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு, மைக்ரானில்) கணக்கில் ஏறக்குறைய 3.2. ஃபீடைப் பாதியாக்கி 0.1 வைத்தால் ஆழம் நான்கில் ஒரு பங்கு, ஆர்ஏ 0.8 அருகே. முனையை 0.8-ஆக மாற்றி ஃபீடை 0.2-இலேயே விட்டால் ஆர்ஏ 1.6. பழைய டிராயிங்கில் இரண்டு முக்கோணக் குறி என்றால் ஆர்ஏ 8 முதல் 1.6 வரை, மூன்று முக்கோணம் என்றால் 1.6-க்குக் கீழே. இதை வைத்துக் கட் கொடுக்கும் முன்னாலேயே ஃபீடைத் தீர்மானித்துவிடலாம்.

இந்தக் கணக்கு சொல்வது மிக நல்ல நிலையில் கிடைப்பதை மட்டும். அளந்த ஆர்ஏ கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு வந்தால் காரணம் ஃபீடு அல்ல. மேலே சொன்ன கிழிசலோ கீழே வரும் அதிர்வோதான்.

ஒரு இடம் பளபளப்பு, ஒரு இடம் மங்கல், அளவும் பிடிபடவில்லை

0.05 மி.மீ. எடுக்கலாம் என்று டயலைத் திருப்புவீர்கள், ஒன்றும் வெட்டாது. இன்னும் 0.05 கொடுத்தால் திடீரென்று 0.15 போய்விடும். டூல் வெட்டாமல் உரசுகிறது என்பதற்கு அடையாளம் இது.

எஃகுக்கான சாதாரண மோல்டட் இன்சர்ட்டின் விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருக்காது. உடையாமல் இருக்க லேசாக உருட்டியிருப்பார்கள், 0.02 முதல் 0.05 மி.மீ. அளவுக்கு. விட்டத்தில் 0.05 மிச்சம் வைத்தால் ஒரு பக்கத்துக்கு 0.025 தான். விளிம்பின் உருட்டலைவிட மெல்லிய கட் எப்படி வெட்டும்? உலோகத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகும். இந்த வகை இன்சர்ட்டுக்கு ஃபினிஷ் கட் ஏறக்குறைய முனை வளைவின் அளவுக்கு இருக்கட்டும்: 0.4 முனை என்றால் விட்டத்தில் 0.6 முதல் 0.8 வரை மிச்சம் வையுங்கள். கடைசி இரண்டு கட்டுகளை ஒரே ஆழம், ஒரே ஃபீடு, ஒரே ஸ்பீடில் எடுத்தால் முதல் கட்டில் எவ்வளவு வளைந்ததோ அதே அளவுதான் இரண்டாவதிலும் வளையும். அளவு கைக்குள் நிற்கும்.

கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் ஸ்டோன் போட்ட எச்எஸ்எஸ், அல்லது அலுமினியத்துக்கென்று விற்கும் கிரவுண்ட் இன்சர்ட். சிசிஎம்டி (மோல்டட் இன்சர்ட்டின் குறியீடு) வாங்கும் இடத்தில் சிசிஜிடி (கிரவுண்ட் வகை) கேளுங்கள். எஃகில் சீக்கிரம் தேயும், ஆனால் ஃபினிஷ் கட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பல ஜாப் தாங்கும்.

உரசலுக்கு இன்னொரு காரணம் சென்டர் உயரம்: டூல் முனை ஜாப் சுற்றும் நடு அச்சின் உயரத்தில் இருக்க வேண்டும். டூல் சென்டருக்கு மேலே இருந்தால் முனைக்குக் கீழே உள்ள முகம் ஜாப்பில் தேய்க்கும். சோதிக்க மெல்லிய ஆறு அங்குல ஸ்கேலை நின்றுபோன ஜாப்புக்கும் டூல் முனைக்கும் நடுவே செங்குத்தாக வைத்து, கிராஸ் ஸ்லைடை (டூலை ஜாப்பை நோக்கி நகர்த்தும் பகுதி) லேசாக அழுத்துங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. மேல் முனை ஜாப் பக்கம் சாய்ந்தால் டூல் உயரம் அதிகம். உங்கள் பக்கம் சாய்ந்தால் குறைவு. ஃபேசிங் செய்து (ஜாப்பின் முனை முகத்தைக் கடைந்து) நடுவில் மொட்டு நிற்கிறதா என்று பார்ப்பது இன்னும் துல்லியம்.

அலை அலையாக வரிகள், கூடவே சத்தம்

இது சாட்டர், அதாவது வெட்டும்போது வரும் அதிர்வு. காதிலேயே தெரிந்துவிடும். நீளவாக்கில் நகத்தை ஓட்டினால் வழுக்கும், சுற்றுவாக்கில் ஓட்டினால் தடதடக்கும். எங்கோ ஒன்று வளைகிறது அல்லது ஆடுகிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உடனடி முதலுதவி: ஸ்பீடைக் குறையுங்கள், ஃபீடைக் கூட்டுங்கள். கூட்டச் சொல்வது பலருக்கு ஏறுக்கு மாறாகத் தோன்றும். மிக மெல்லிய ஃபீடில் டூல் பிடிமானம் இல்லாமல் துள்ளும். கொஞ்சம் தடிமனான சிப் அதை அழுத்தி வைக்கும். சத்தம் அடங்கினால் மேற்கொண்டு தேடுவதற்கு அவகாசம் கிடைத்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

முதலில் நீட்டல். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. டூல் போஸ்டிலிருந்து டூல் வெளியே நிற்பது டூலின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டாம். ஜாப் சக்கிலிருந்து விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டினால் மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் சென்டர் (எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கும் முனை) கொடுங்கள். பத்து மடங்கை நெருங்கினால் ஸ்டெடி (ஜாப்பை இடையில் தாங்கும் சட்டம்). டெயில்ஸ்டாக் குயில் (சென்டர் பொருந்தும் குழல்) முழுதாக வெளியே வந்து நிற்பதும் நீட்டல்தான். ரிவால்விங் சென்டரைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பேரிங் போயிருந்தால் அங்கிருந்தே அதிர்வு வரும்.

அப்புறம் டூலுக்கு அடியில் வைத்த பேக்கிங். உடைந்த ஆக்ஸா பிளேடு துண்டுகள் நான்கைந்தை அடுக்கி உயரம் பிடிப்பது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். பிளேடின் பற்கள் இருபக்கமும் மடங்கியவை. அடுக்கினால் ஒன்றோடொன்று படியாது, நடுவே ஸ்பிரிங் போல் துள்ளும். ஒரே தகடாக, டூல் முழு நீளத்துக்கும் அணைந்து நிற்கும்படி வெட்டி வையுங்கள்.

காம்பவுண்ட் ஸ்லைடு (டூல் போஸ்ட் நிற்கும் மேல் ஸ்லைடு) முன்னால் நீட்டி நின்றால் பின்னுக்கு இழுத்து, பூட்டிவிடுங்கள். ஜிப் ஸ்க்ரூக்களை (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் திருகுகள்), ஸ்லைடு கைக்குக் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும்வரை முறுக்குங்கள்.

முனை வளைவு பெரிதானால் ஃபினிஷ் நல்லது என்று மேலே சொன்னேன். மெல்லிய ஜாப்பில் அதுவே வினை. பெரிய முனை ஜாப்பைப் பக்கவாட்டில் தள்ளும். 15 மி.மீ. விட்டத்தில் 200 நீளம் கடைந்து அதிர்ந்தால் 0.8 முனையைக் கழற்றி 0.4 அல்லது 0.2 போடுங்கள். டூலின் பக்க விளிம்பு ஜாப்பின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும்படி திருப்புங்கள். அப்போது தள்ளும் விசை பெரும்பாலும் சக்கை நோக்கிப் போகும், ஜாப் வளையாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் கட்டைகுட்டையான ஜாப்பிலேயே அதிர்ந்தால் ஸ்பிண்டில் பேரிங். டயல் இண்டிகேட்டரைச் சக்கின் மேல் வைத்து, சக்கில் பிடித்த தடிமனான ராடைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.02, 0.03 மி.மீ.-க்கு மேல் போய்த் திரும்பினால் பேரிங் அட்ஜஸ்ட்மென்ட் பார்க்க வேண்டும். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: பேரிங்கைக் கழற்றியவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது டூலை உள்ளே தள்ளி இறுக்குவது மட்டுமே.

சத்தமில்லை, ஆனால் ஒழுங்கான தடம் விழுகிறது

சாய்வான வரிகள், திருகின மாதிரி பட்டைகள். இது எண்ணும் வேலை. ஒரு சுற்றில் எத்தனை வரி என்று மார்க்கரால் குறித்து எண்ணுங்கள். பிறகு ஸ்பீடை மாற்றி இன்னொரு கட் எடுத்து மறுபடி எண்ணுங்கள்.

எண்ணிக்கை மாறாவிட்டால் காரணம் ஸ்பிண்டிலோடு (சக்கைச் சுற்றும் தண்டு) சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று: பேரிங், கியர் பல். பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் கியர்) போட்டு ஃபினிஷ் கட் எடுத்தால் பல்லின் தடம் விழுவது சகஜம், எடுத்துவிட்டு ஓட்டுங்கள். எண்ணிக்கை மாறினால் காரணம் தனக்கென்று ஒரு வேகம் உள்ள ஒன்று. 1,440 ஆர்பிஎம் மோட்டாரின் சமநிலை கெட்டிருந்தால், ஸ்பிண்டில் 500-இல் ஓடும்போது சுற்றுக்கு மூன்று வரிக்குச் சற்றுக் குறைவாக விழும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை உந்தும். அதே 500-இல் சுற்றுக்கு 12 வரி. வீட்டுக் கொட்டகையில் சின்ன லேத் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் தேடும் மர்மம் பெரும்பாலும் இந்த 12 தான். மோட்டாருக்கு அடியில் ரப்பர் கொடுத்தால் குறையும். முழுதாகப் போக வேண்டுமென்றால் த்ரீ ஃபேஸ் மோட்டாரும் டிரைவும்.

பழைய லேத்தில் கிளிப் அடித்த தட்டை பெல்ட் இருந்தால், கிளிப் புல்லியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தடம் விழும்.

நீளவாக்கில் பட்டை விழுந்தால் பட்டைகளின் இடைவெளியை அளக்க வேண்டும். லீட் ஸ்க்ரூவால் (டூலை நீளவாக்கில் நகர்த்தும் நீண்ட திருகு) ஃபீடு போகும் மெஷினில் ஸ்க்ரூ வளைந்திருந்தால் இடைவெளி அதன் பிட்சுக்கு (மரைக்கு மரை தூரம்) சமம். அங்குலத்துக்கு நான்கு மரை என்றால் 6.35 மி.மீ. ஆனால் டூல் நகரப் பல் பிடித்து ஓடும் ரேக் (பல் பட்டை) 2 மாட்யூல் அளவு என்றால் அதன் பல் இடைவெளி 6.28! ஒரு பட்டையை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பத்துப் பட்டை சேர்த்து அளங்கள்: 63.5 என்றால் ஸ்க்ரூ, 62.8 என்றால் ரேக். ரேக் என்று தெரிந்தால் முதலில் பல் இடுக்கில் அடைந்த சிப்ஸை வயர் பிரஷ்ஷால் எடுத்துப் பாருங்கள்.

தொடக்கம் நன்றாக, போகப் போகக் கெடுகிறது

டூல் முனை மழுங்கியிருக்கலாம், லென்ஸில் பாருங்கள். முனை நன்றாக இருந்து, சென்டருக்கும் சக்குக்கும் நடுப்பகுதியில் மட்டும் கெட்டால் ஜாப் வளைகிறது. டெட் சென்டர் (ஜாப்போடு சுற்றாதது) வைத்திருந்தால் கிரீஸ் வறண்டு, ஜாப் சூட்டில் நீண்டு சென்டரை முட்டுகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் தளர்த்தி மறுபடி கொடுத்தால் சரியாகும்.

நல்ல பரப்பின் மேல் அங்கங்கே கீறல்

வெட்டு நன்றாகத்தான் நடக்கிறது, நீளமான சுருள் சிப் ஜாப்பைச் சுற்றிக் கீறுகிறது. இங்கே ஃபீடைக் குறைத்தால் சுருள் இன்னும் நீளும். ஃபீடையோ ஆழத்தையோ கூட்டுங்கள், இன்சர்ட்டில் ஃபினிஷிங்குக்கான சிப் பிரேக்கர் உள்ளதை வாங்குங்கள். சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கையுறை போட்டும் இழுக்காதீர்கள். மெஷினை நிறுத்தி, கொக்கி வைத்து எடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் டிராயிங் இன்னும் கேட்கிறது

ஆர்ஏ 1.6 வந்துவிட்டது, கேட்பது 0.8-க்கும் கீழே. எம்எஸ்ஸில் மெதுவான லேத்தில் இதற்கு ஒரு பழைய கைவேலை இருக்கிறது: ஷியர் டூல். எச்எஸ்எஸ் பிட்டின் முன் முகத்தில், செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த நீளமான விளிம்பு ஒன்றைத் தீட்டி, ஸ்டோன் போடுங்கள். முனையால் அல்ல, அந்த விளிம்பின் நடுப்பகுதியால் வெட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு 0.03, 0.05 மட்டும், எண்ணெய் தொட்டு, மெதுவான ஸ்பீடில். சிப்ஸ் மயிரிழையாக வரும். தோள்பட்டை வரைக்கும் போக முடியாது என்பதுதான் இதன் குறை.

எமரி துணி போட்டுத் தேய்ப்பதானால் விட்டத்தில் 0.01, 0.02 மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். எமரி மேடுகளைத்தான் தேய்க்கும்; சாட்டர் அலையையும் கிழிசலையும் அது எடுக்காது, பளபளப்பாக்கி இன்னும் நன்றாகக் காட்டும். துணியை விரலில் சுற்றாமல் இரண்டு நுனியையும் தனித்தனியாகப் பிடியுங்கள், அல்லது ஃபைலின் அடியில் வையுங்கள். லேத்தின் பெட் (அடித்தளத் தண்டவாளம்) மேல் ஒரு காகிதத்தை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். பேரிங் உட்காரும் இடத்துக்கு 0.4 கேட்டு, அளவும் மைக்ரான் கணக்கில் கேட்டால் லேத்தில் நேரத்தை விரயமாக்க வேண்டாம், விட்டத்தில் 0.2 முதல் 0.3 வரை விட்டு, சிலிண்ட்ரிகல் கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடுங்கள்.